நேசமணியும் மினி கேமும்

'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் கதையை யாராவது கோர்வையாகச் சொல்லுங்கள் பார்ப்போம். விஜய் இருக்கிறார், சூர்யா இருக்கிறார், ஏதோ நட்பு, ஏதோ பிரிவு, கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. ஆனால் அந்த மாளிகைக்குப் பெயின்ட் அடிக்க வந்த கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல் யார் கையிலிருந்து நழுவியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கிருஷ்ணமூர்த்தி.

படம் வந்தது 2001-இல். 2019 மே மாதக் கடைசியில் ஃபேஸ்புக்கில் சிவில் இன்ஜினியரிங் மாணவர்களுக்கான ஒரு பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டார்கள். நம்ம ஆள் ஒருவர் போய் நேசமணிக்கு நேர்ந்த விபத்தை அங்கே எழுதிவைத்தார். அவ்வளவுதான். டெல்லியில் புதிய அரசு பதவியேற்கும் அதே சமயத்தில் ட்விட்டர் முழுக்க நேசமணி நலம் பெறப் பிரார்த்தனை. பதினெட்டு வருஷம் கழித்து அந்தப் படத்திலிருந்து எழுந்து வந்தது நட்பு இல்லை, காதல் இல்லை, பெயின்ட் வாளியோடு நின்ற நேசமணி, அதாவது வடிவேலு.

வீடியோ கேமிலும் இதே கூத்துதான் நடக்கிறது. 2015-இல் வந்த 'தி விட்சர் 3' ஆடியவர்களுக்குத் தெரியும். கெரால்ட் என்ற வீரன் வளர்ப்பு மகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். ஒரு பேய்ப்படை அவளைத் துரத்திக்கொண்டிருக்கிறது. உலகமே அழியும் நிலை. இத்தனை அவசரத்துக்கு நடுவே நாம் என்ன செய்கிறோம்? வழியில் பார்க்கிற கடைக்காரன், கொல்லன், சத்திரக்காரன் என்று எல்லாரிடமும் "ஒரு கை போடலாமா" என்று சீட்டாட உட்கார்ந்துவிடுகிறோம். அந்தச் சீட்டுக்குப் பெயர் குவெண்ட். மகள் எங்கேயும் போய்விட மாட்டாள், இந்த ஆட்டம் முடியட்டும் என்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். ஜனங்கள் அடித்த அடியில் 2018-இல் குவெண்ட் தனி கேமாகவே வெளிவந்துவிட்டது.

பெரிய கேமுக்குள் ஒளிந்திருக்கும் இந்தச் சின்ன ஆட்டங்களைத்தான் மினி கேம் என்கிறோம். மீன் பிடிப்பது, சீட்டு, குதிரைப் பந்தயம், கரோக்கே. ஜப்பானிய 'யாகுசா' வரிசையில் ஊரையே அடித்து நொறுக்கும் ரவுடி மதுக்கடைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு காதல் தோல்விப் பாட்டுப் பாடுவார். கேமின் சண்டைகள் எனக்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவர் பாடியது மட்டும் நினைவில் நிற்கிறது.

நமக்கு இது புதுசே இல்லை. என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலேயே காமெடிப் பகுதியைத் தனியாக யோசித்து, தனியாக எழுதி, படத்தில் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கம். எண்பதுகளில் ஏ.வீரப்பன் என்ற எழுத்தாளர் கவுண்டமணி, செந்திலுக்காக எழுதிய டிராக்குகள் மூலப்படத்தைவிட அதிக நாள் வாழ்ந்தன. 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழமும் அவர் கைவேலைதான். படம் வெளிவந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த இரண்டாவது பழத்தின் கணக்கு இன்னும் நேராகவில்லை.

விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழகிய வரி உண்டு: காமெடி டிராக் கதையோடு ஒட்டவில்லை. கேம் விமர்சகர்களும் மினி கேம் வேகத்தைக் குறைக்கிறது என்று அரைப் புள்ளி கழிப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒட்டாமல் இருப்பதுதான் அதன் பலமே. பெரிய கதைக்கு ஆயிரம் கடமை இருக்கிறது. நாயகன் ஜெயிக்க வேண்டும், வில்லன் திருந்தவோ சாகவோ வேண்டும், அம்மா அழ வேண்டும். கவுண்டமணிக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. அவர் திருந்த வேண்டியதில்லை, ஜெயிக்க வேண்டியதில்லை, அடுத்த காட்சிக்கு நம்மை இழுத்துப் போக வேண்டியதும் இல்லை. செந்தில் வருவார், உதை வாங்குவார், போவார். போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இல்லாதபோதுதான் படைப்பவன் கை தளர்ந்து, இஷ்டத்துக்கு வேலை செய்கிறான்.

விதிவிலக்கு உண்டு. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் தனியாக டிராக் என்று ஒன்று கிடையாது. மந்தைவெளிக்காரரான கிரேஸி மோகன் வசனம் எழுதினால் சாம்பாரில் விழுந்த மீன் கூடக் கதையைத் தூக்கிக்கொண்டு போகும். 'டெட்ரிஸ்' கேமிலும் அப்படித்தான், உள்ளே மினி கேம் வைக்க இடமில்லை, முழுசும் அதுதான். ஆனால் எல்லாராலும் அது முடியாது. முடியாதவர்கள் ஒரு நல்ல டிராக் வைத்துவிட்டுப் போவதே புண்ணியம்.

தி.நகரில் வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயம் தொண்ணூறுகளிலேயே புரிந்திருக்கும். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பாதி ஷட்டர் எப்போதும் இறங்கியே இருக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே பெட்டி பெட்டியாக மெஷின்கள், ஒரு ரூபாய் போட்டால் ஆட்டம். கேப்காம் 1993-இல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' கேமை அந்தப் பெயரில் சொன்னால் கடைக்காரருக்கே புரியாது. அதில் வரும் மஞ்சள் தொப்பிக்காரன் பெயரை வைத்து முஸ்தபா. இந்தியா முழுக்க அதற்கு அதுதான் பெயர். 1996-இல் 'காதல் தேசம்' பாட்டு வேறு வந்து சேர்ந்ததில், ஆடிக்கொண்டிருப்பவன் காதில் பின்னாலிருந்து அதைப் பாடி வெறுப்பேற்றுவது கடையின் சம்பிரதாயமே ஆகிவிட்டது.

அந்த முஸ்தபாவில் மூன்றாவது ஸ்டேஜில் சண்டை நின்று, கார் கிடைக்கும். ஓட்டிக்கொண்டே போய் எதிரில் வருகிறவர்களை இடித்துத் தள்ள வேண்டியதுதான். பக்கத்து மெஷினில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. அதில் இரண்டு மூன்று சண்டை முடிந்ததும் ஆளே இல்லாத ஒரு கார் வந்து நிற்கும். நேரம் முடிவதற்குள் அதை உதைத்து நொறுக்க வேண்டும். நொறுக்கினால் வெறும் பாயின்ட். அந்தப் பாயின்ட்டை வைத்துக் கடையில் அரை டீ கூட வாங்க முடியாது. ஆனாலும் அந்த இடம் வந்தால் மற்ற மெஷின்களை விட்டுவிட்டு ஆள் கூடும். சண்டையில் தோற்பது பற்றி அழுதவர்கள் உண்டு. காரை முழுசாக உடைக்க முடியாமல் போனதற்கு யாரும் அழுததில்லை, சிரித்துவிட்டு அடுத்தவனுக்கு இடம் கொடுத்தோம்.

ஒரு ரூபாய்க்கு மூன்று உயிர் என்ற கடைக் கணக்கைத் தமிழ் சினிமா பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் நாளானது. அஸ்வின் சரவணன் இயக்கிய 'கேம் ஓவர்' (2019) படத்தில் டாப்ஸி கேம் தயாரிப்பவராக வருகிறார். வீட்டில் பேக்மேன் ஆடுகிறார். பிறகு அவர் வாழ்க்கையே மூன்று உயிர் கணக்கில் ஓடுகிறது. கேமின் கலர் விளக்குகளையும் கிராஃபிக்ஸையும் எடுத்துத் தெளிக்காமல் அதன் விதியை எடுத்துக் கதையாக்கியதால் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். 'மாநாடு' (2021) இன்னும் ஒரு படி மேல். சிம்பு செத்துச் செத்து அதே நாளில் விழிக்கும் வரை அது தனியாள் கேம். எஸ்.ஜே.சூர்யாவுக்கும் பழசெல்லாம் நினைவு வர ஆரம்பித்ததும் இரண்டு பேர் ஆடும் கேமாக மாறுகிறது. தியேட்டரில் கைதட்டல் எகிறியது அந்த இடத்துக்குப் பிறகுதான். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறதே என்ற அவருடைய அலுப்பு, தோற்றுத் தோற்று அதே ஸ்டேஜை ஆடிய எல்லாருக்கும் தெரிந்த அலுப்பு.

கடைகள் மூடின, கையில் போன் வந்தது. டனேலி அர்மான்டோ என்ற ஃபின்லாந்துக்காரர் நோக்கியாவுக்காக எழுதிய பாம்பு கேம் முதலில் 1997-இல் 6110 மாடலில் வந்தது. நம் பக்கத்துக்கு அது வந்து சேர்ந்தது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய மலிவு போன்களில். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓட ஆரம்பித்த பிறகு, நாற்பது கிலோமீட்டர் தள்ளிச் செய்த போனில் 29சி பஸ்ஸில் நின்றுகொண்டே பாம்பு வளர்த்தோம். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அந்த போனில் முக்கிய வேலை பேசுவது. நம்மில் பலர் பேசியதைவிடப் பாம்பு வளர்த்ததுதான் அதிகம்.

அதே 2014-இல்தான் கூகுள் குரோமில் டைனோசார் வந்தது. இன்டர்நெட் இல்லாத பக்கத்தில் நிற்கும் அந்தக் குட்டி மிருகம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்து, அடையாறில் பாதி மரங்கள் ரோட்டில் கிடந்தபோது, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும் வரை எங்கள் வீட்டில் ஓடியது அது ஒன்றுதான். அதை ஆடுவதற்கு யாரும் பதிவு செய்ய வேண்டாம், ஜெயித்தால் எதுவும் கிடைக்காது, முடிவு என்று ஒன்றும் கிடையாது. நெட் வந்ததும் பக்கம் மாறிப் போய்விடும். வந்த நெட்டைக் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டோம்.

என் அளவுகோல் இதுதான். மினி கேம் நல்லதா, கெட்டதா என்று பார்க்க, அதற்குக் கொடுக்கும் பரிசை எடுத்துவிட்டு யோசியுங்கள். பரிசு இல்லாமலும் ஆடுவோம் என்றால் நல்லது. பரிசுக்காகத்தான் ஆடுகிறோம் என்றால் அது சம்பளமில்லாத வேலை, அவ்வளவுதான். குவெண்டில் ஜெயித்தால் நாலு காசு வரும். ஆனால் அந்தக் காசுக்காக ஆடியவனை நான் பார்த்ததில்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்றைய மொபைல் கேம்களிடம் போனால் பரிதாபமாக இருக்கிறது. அண்ணன் பையன் கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேமைத் திறந்ததும் ஒரு பெட்டி. தொட்டால் நாணயம் கொட்டுகிறது. பிறகு ஒரு சக்கரம், சுற்றினால் வைரம். பிறகு இன்று மூன்றாவது நாள், ஏழாவது நாள் வந்தால் பெரிய பரிசு என்று ஒரு அட்டவணை. மூலைக்கு மூலை சிவப்புப் புள்ளிகள்.

"ஆட ஆரம்பிச்சுட்டியாடா?" என்றேன்.

"இருங்க சித்தப்பா, இன்னும் கலெக்ட் பண்ணி முடிக்கலை."

ரேஷன் கடை வாசலில் நிற்கும் பொறுமையோடு ஒரு பத்து வயசுப் பையன் இதைச் சொன்னான். கலெக்ட் பண்ணி முடித்தபோது சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். கேம் ஆடவே இல்லை. அதைப் பற்றி அவனுக்கு வருத்தமும் இல்லை.

பெரியவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? 2019 தீபாவளிக்கு கூகுள் பே ஐந்து ஸ்டாம்ப் சேர்த்தால் 251 ரூபாய் என்று சொன்னது. மற்றதெல்லாம் கிடைக்க, ரங்கோலி மட்டும் யாருக்கும் சிக்காமல், ஆபீஸ் மேனேஜரிலிருந்து அபார்ட்மென்ட் செக்ரட்டரி வரை பார்த்தவரிடமெல்லாம் ரங்கோலி கேட்டு அலைந்தார்கள். நிஜ ரங்கோலியை வாசலில் போட இத்தனை பேர் அலைந்து நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறே இருக்கிறது. டிவி விளம்பரத்தின் அடியில் 'இந்தப் போட்டி தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று பொடி எழுத்தில் ஓடுவதைப் பார்த்து, நாம் மட்டும் என்ன பாவம் செய்தோம் என்று சின்ன வயசில் பொருமாதவர் உண்டா? காரணம் 1979-இல் வந்த பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். குலுக்கல் முறையில் பரிசு காட்டிப் பொருள் விற்பது இங்கே கூடாது. 2003-இல் லாட்டரியும் போனது. பிறகு ஆன்லைன் ரம்மி வந்து, கடனும் தற்கொலைகளும் செய்தியாக வந்தபோது, நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து 2022-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை செல்லாது என்றது. அதனால் 2025-இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று விதி வந்தது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அத்தனையையும் தடை செய்து சட்டம் போட்டது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டே சுற்றுகின்றன. எனக்கு அது இரண்டாவது கேள்வியாகப் படுகிறது; முதல் கேள்வி, பரிசு இல்லாமலும் ஆடுவோமா என்பது. அதிர்ஷ்டத்தில் ஒரு குற்றமும் இல்லை. சந்தேகமிருந்தால் தாயக்கட்டையை எடுத்துப் பாருங்கள்.

மயிலாப்பூர் மாட வீதியில் பித்தளைத் தாயக்கட்டை கிடைக்கும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி நெருங்கினால் பரமபத அட்டையும் பக்கத்தில் வந்து சேரும். அன்று ராத்திரி கண் விழிக்க வேண்டும் என்பதால் விடிய விடிய ஆட்டம். இதில் பரமபதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. உருட்டுவதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை. ஏணி ஏற்றும், பாம்பு இறக்கும், நாம் வேடிக்கை பார்ப்போம். மேலே போகப் போகப் பாம்பு பெரிசாகும் என்ற குரூரம் மட்டும் ரசிக்கத்தக்கது.

தாயம் அப்படியில்லை. ஒரு கட்டைக்கு நாலு முகம். ஒன்று வெறுமை, மற்றதில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டையையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழுவது இரண்டே விதத்தில். எட்டுக்கு ஒன்று. அது விழாமல் காயை உள்ளே இறக்கவே முடியாது. மற்றவர்கள் சுற்றி வந்து பழம் எடுத்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் இன்னும் தாயத்துக்குத் தவம் கிடப்பாள். இன்றைக்கு எந்தக் கம்பெனியாவது இப்படி ஒரு கேம் செய்தால் முதல் நாளே ஒற்றை ஸ்டார் கொடுத்துக் கிழித்துவிடுவார்கள். ஆனால் உள்ளே இறங்கிவிட்டால் கதை வேறு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டு கட்டையும் வெறுமையாக விழுவது) விழுந்தால் மறுபடி போடலாம். பதினாறில் ஆறு விதம் அப்படி. எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது, எதை மலையில் பத்திரமாக நிறுத்துவது என்று ஒவ்வொன்றும் நம் முடிவு. எங்கள் பெரியம்மா ஒருத்தர் தன் காயை நகர்த்துவதைவிட மற்றவர் காயை வெட்டுவதையே லட்சியமாக வைத்து ஆடுவார். ஜெயித்ததாக நினைவில்லை. அவர் உட்கார்ந்தால்தான் ஆட்டம் களை கட்டும். பரிசு ஒன்றும் இல்லை, அடுத்த பத்து நாளுக்குச் சொல்லிச் சிரிக்க விஷயம் இருக்கும்.

இந்த அளவுகோலில் தேறிய ஒரு தமிழ் வீடியோ கேமும் இருக்கிறது: 'வெண்பா'. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். நாம் செய்வது சமையல். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும், விட்டுப்போன வரியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும், சுயாதீன கேம் விழாவின் மகா பரிசும் அதற்குக் கிடைத்தன.

முதல் புதிர் இட்லி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று எந்த வாட்டத்தில் அடுக்குவது என்று நான் கன்ட்ரோலரோடு போராடிக்கொண்டிருந்தேன். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "தட்டை மாத்தி மாத்தி வைக்கணும்டா. குழி மேலே குழி வந்தா ஆவி எப்படிப் போகும்?" அவ்வளவுதான், புதிர் முடிந்தது. வாழ்நாளில் கன்ட்ரோலரைத் தொடாதவள். பிறகு புட்டு வந்தபோது துணியை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வெண்பாவில் மதிப்பெண் கிடையாது, கடிகாரம் ஓடாது, நட்சத்திரம் விழாது. தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம். மினி கேமையே முழு கேமாக்கிய துணிச்சலுக்கு என் ஓட்டு உண்டு. குறையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. கவின் வளரும் வருஷங்களைத் தாவித் தாவிக் கடப்பதால், தமிழ் அவன் நாக்கிலிருந்து எப்படி நழுவியது என்பதை நாம் செய்தியாகத் தெரிந்துகொள்கிறோம், கூடவே இருந்து பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் டொராண்டோ குளிரில் இட்லி மாவு பொங்க வைப்பதையே ஒரு முழு அத்தியாயமாக வைத்திருக்க வேண்டும். அதைவிடக் கஷ்டமான ஸ்டேஜ் எந்த கேமில் இருக்கிறது? கதை சொல்லும் அவசரத்தில் சமையலைச் சுருக்கிவிட்டார்கள். கதையைக் கொஞ்சம் சுருக்கி, சமையலைப் பெருக்கியிருக்கலாம்.

ஆகவே கேம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உலகைக் காப்பாற்றும் கதையை எப்படியும் எழுதுவீர்கள், எழுதுங்கள். ஆனால் ஊருக்குள் ஒரு டீக்கடை வையுங்கள், அதன் பின்பக்கம் ஒரு கேரம் போர்டு வையுங்கள், ஜெயித்தால் ஒன்றும் கொடுக்காதீர்கள். நாங்கள் அங்கேதான் கிடப்போம்.

வரும் வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் வீட்டில் தாயம் உண்டு. தெரிந்தவர்கள் வரலாம். காபி கிடைக்கும், நடுராத்திரிக்கு மேல் சுண்டல் கிடைக்கும், பெரியம்மா கையால் வெட்டு கிடைக்கும். பரிசு கிடையாது. தமிழ்நாட்டில் அது சட்டப்படியும் கூடாது.